ஒப்பீட்டுக்குப் போன ஆள்

கடந்த வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, இந்த வீட்டின் முன்கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் இருவர். அதாவது, அழைக்கப்பட்டவர்கள் அனைவரும். முன்மொழிந்தவள் உன் அம்மா. எதிர்த்தவனும் பிறகு வழிமொழிந்தவனும் நான். விவாதம் மூன்று நாள் நடந்தது. ஆணியின் அவசியம் பற்றிக் கருத்து வேறுபாடு இல்லை. உயரம் பற்றித்தான் இருந்தது. தன் கண்மட்டத்தில் என்றாள் அவள், என் கண்மட்டத்தில் என்றேன் நான். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் அடித்தோம். இப்போது அவள் எட்ட வேண்டியிருக்கிறது, நான் குனிய வேண்டியிருக்கிறது. சமரசம் என்றால் என்ன என்பதற்கு நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. என் மூக்குக்கண்ணாடியும் வீட்டுச் சாவியும் இனி அந்த ஆணியில்தான் தொங்கும். வேறெங்கும் தொங்கக் கூடாது என்பது தீர்மானத்தின் இரண்டாம் பகுதி.

தம்பி, இன்னும் ஐந்து வாரத்தில் உனக்குக் கல்யாணம். இந்த நேரத்தில் அப்பா என்பவர் நிதானமாக உட்கார்ந்து மகனுக்கு அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுத வேண்டும். அனுபவம் என்னிடம் இருக்கிறது. அது எந்த வரிசையில் அடுக்கியிருக்கிறது என்பதில்தான் கொஞ்ச நாளாகக் குழப்பம். இதை உனக்குத் தனியாக அனுப்பாமல் நம் பங்குக் கோயிலின் மாத இதழுக்குக் கொடுப்பதற்கும் காரணம் உண்டு. வாட்ஸ்அப்பில் நான் நீளமாக எழுதினால் நீ ஒரு கட்டைவிரலை மட்டும் திருப்பி அனுப்புகிறாய். அச்சில் வந்தால் நம் சாந்தன்பாறையில் அதைப் படித்தவர்கள் நாலு பேராவது உன்னைக் கூப்பிட்டு, உங்கப்பா இப்படி எழுதியிருக்கிறாரே என்று கேட்பார்கள். அப்போது நீ படித்துத்தான் ஆக வேண்டும். உன் அம்மா இதை ஏற்கனவே படித்துவிட்டாள். அவள் திருத்தச் சொன்ன இடங்களைத் திருத்தியிருக்கிறேன். யார் சொல்வது சரி என்று எனக்கு நிச்சயமில்லாத இடத்தில் இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

பாலக்காட்டிலிருந்து நாங்கள் திரும்பி வந்து பதினெட்டு நாளாகிறது. அதற்குள் நீ போனில் மூன்று முறை, "டாக்டர் என்னப்பா சொன்னாங்க, அம்மாவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாய். மூன்று முறையும் உன் அம்மா போனை வாங்கி, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீ பத்திரிகை அடிக்கிற வேலயப் பாரு" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம். ஏனென்றால் உன் திட்டம் முழுவதும் அந்த முதல் பாதியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கல்யாணம் முடிந்ததும் அம்மாவை நீ இருக்கும் கஞ்சிக்கோட்டுக்குக் கூட்டிப்போய் உன் வீட்டு மாடியில் இன்னோர் அறை எடுத்து வைத்துக்கொள்வது, அப்பா தெம்பாக இருக்கிறார், ஏலச்செடியைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருக்கட்டும் என்பது உன் திட்டம். நல்ல திட்டம். போன மாதம்வரை நானும் அதை நான்கு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தத் திட்டம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார். உன் அம்மா வாயிலிருந்துதான் வந்தது. இரண்டு வருடமாக இந்த வீட்டில் எது நடந்தாலும் அவள் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "நாந்தான் மறந்துட்டேன்." பால் தீய்ந்து போனால் அவள் மறந்தது. கரண்ட் பில் கட்டாமல் போனால் அவள் மறந்தது. நான் பூப்பாறைக்கு ஜீப்பில் போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வந்தேனே, அன்றுகூட உன்னிடம் போனில், "டயரு பஞ்சரு, நாந்தான் வண்டிய அங்கயே போட்டுட்டு வாங்கன்னு சொன்னேன், உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நான் அந்த வாரத்து வாசகத்தை விட்டுவிட்டு அடுத்த வாரத்து வாசகத்தை எழுந்து நின்று கணீரென்று வாசித்தபோது, பங்குச் சாமியிடம் ஓடிப்போய், "சாமி, நாந்தான் வாசகப் புத்தகத்து ரிப்பன மாத்தி வச்சிட்டேன்" என்று சொன்னவளும் அவள்தான். இத்தனையையும் கேட்ட நீ, அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று முடிவு செய்தாய். நானும் செய்தேன். நான் கூடவே இருந்தவன். கூட இருப்பது எதற்கும் அத்தாட்சி இல்லை என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அந்த நேரத்தில்தான் நீ கட்டிக்கொள்ளப்போகும் மேகலா சொன்னாள். பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் அவள் வேலை பார்க்கும் ஸ்கேன் பிரிவில் ஓர் ஆய்வு நடக்கிறது, வயதாகும்போது மூளை எப்படிச் சுருங்குகிறது என்று படம் எடுத்துப் பார்க்கிறார்கள், மறதி இருக்கும் ஒருவரையும் அதே வயதில் மறதி இல்லாத ஒருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள் என்றாள். "அத்தைக்கும் பாத்த மாதிரி ஆச்சுங்க. மாமா வந்தா ஒப்பீட்டுக்கு ஆள் தேட வேண்டாமுங்க" என்றாள். எனக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்துவிட்டது. முப்பத்தைந்து வருடம் எஸ்டேட்டில் ஃபீல்ட் ஆபீசராக இருந்தவன். வேலைக்கு வந்தவர்களைக் கணக்கெடுக்கும் காலை மஸ்டரில் இருநூறு பேர் பெயரைப் புத்தகம் பார்க்காமல் கூப்பிட்டவன். இத்தனை நாள் கழித்து விஞ்ஞானம் என்னை ஓர் அளவுகோலாகக் கேட்கிறது. நான் வெள்ளைச் சட்டை தேய்த்து வைத்துக்கொண்டேன். உன் அம்மா போக மாட்டேன் என்றாள். நான்கு நாள் அழிச்சாட்டியம் பண்ணினாள். "எனக்கு ஒண்ணுமில்ல, எதுக்கு அம்புட்டுத் தூரம்?" என்றாள். நோயாளிகள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நான் எங்கோ படித்திருந்தேன். அதை அவளிடமும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை அப்போது நான் மறதியின் அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.

முந்தின நாளே கிளம்பி, எருத்தேன்பதியில் சம்பந்தி வீட்டில் தங்கி, மறுநாள் காலை பாலக்காடு போவது என்று ஏற்பாடு. மூணாறு, மறையூர் வழியாக நான்தான் ஜீப் ஓட்டினேன். உடுமலைப்பேட்டையில் இடது பக்கம் திரும்பினால் பொள்ளாச்சி. நான் வலது பக்கம் திரும்பினேன். உடுமலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், (உன் அம்மா 'மடத்துக்குளமே தாண்டியாச்சு' என்று திருத்துகிறாள்), அவள் திடீரென்று, "அப்பிடியே நேரா போங்க. பழனி மலைய ஒரு தரம் கீழ நின்னாவது பாக்கணும்னு ரொம்ப நாளா ஆச" என்றாள். ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து ஒரு ஞாயிறு பூசைகூட விடாத பெண்மணிக்கு அறுபத்திரண்டு வயதில் பழனிமேல் ஆசை வருகிறது என்றால் என்ன அர்த்தம்? எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. ஆனாலும் கூட்டிப் போனேன். அடிவாரத்தில் நின்று மலையைப் பார்த்தோம். அவள் ஒரு டீ குடித்தாள். பிறகு என்னிடம், "இப்ப வந்த வழியே திரும்பினா பொள்ளாச்சி வந்துருமாம், டீக்கடக்காரரு சொன்னாரு" என்றாள். அந்த டீக்கடைக்காரர் அவளோடு பேசி நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் சம்பந்தி வாசலிலேயே காத்திருந்தார். "ஏனுங்க சம்பந்தி, மத்தியானமே வந்துருவீங்கன்னு பாத்தனுங்க, எங்க சுத்திப்போட்டு வாரீங்க?" என்றார். பழனி என்று உன் அம்மா சொன்னதும் மனிதர் எழுந்து நின்றுவிட்டார். நம் பக்கம் ஒரு மாதா கோயிலும் அவர்கள் பக்கம் ஒரு முருகன் கோயிலும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றது உனக்குத் தெரியும். இரண்டு தரப்பும் எதிர்க்க வேண்டிய அளவு எதிர்த்துக் களைத்துப் போய்த்தான் சம்மதித்திருந்தோம். அவருக்கு மட்டும் மனதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "நம்ம முருகனப் பாத்துப்போட்டுத்தான் நம்மூட்டுக்கு வந்திருக்காங்க பாரு" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். அந்த மிச்சமும் அன்றோடு போயிற்று. உன் கல்யாணம் தடையில்லாமல் நடப்பதற்கு நான் தப்பாகத் திருப்பிய ஸ்டியரிங் ஒரு காரணம். இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இதிலிருந்து நீ என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் முதலில் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். என் தாளில் அவளைப் பற்றிக் கேள்வி. அவள் தாளில் என்னைப் பற்றி. கேட்டதையே திரும்பக் கேட்கிறாரா? அடுப்பை அணைக்க மறக்கிறாரா? தெரிந்த வழி தப்புகிறதா? சாமான்களை இடம் மாற்றி வைக்கிறாரா? நான் நேர்மையானவன். எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' என்று எழுதினேன். கடைசியில் 'வேறு ஏதேனும்' என்று இடம் விட்டிருந்தார்கள். அதில், 'சம்பந்தமில்லாத ஆசைகள், உதாரணம் பழனி' என்று சேர்த்தேன். உன் அம்மா தன் தாளை இரண்டு நிமிடத்தில் முடித்துக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

பிறகு ஞாபகச் சோதனை. ஒரு பெண் ஐந்து வார்த்தைகள் சொன்னாள்; கொஞ்ச நேரம் வேறு கேள்விகள் கேட்டுவிட்டு அந்த ஐந்தையும் திருப்பிச் சொல்லச் சொன்னாள். உன் அம்மா நான்கு சொன்னாள், ஐந்தாவது வரவில்லை என்று மன்னிப்புக் கேட்டாள். என் முறை வந்தது. எனக்கு ஒரு வழி உண்டு. எஸ்டேட்டில் புது ஆட்கள் வந்தால் மஸ்டர் களத்தில் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று மனதில் வைத்துக்கொள்வேன். மறுநாள் காலை அந்த இடத்தைப் பார்த்தால் பெயர் தானாக வரும். அந்த ஐந்து வார்த்தைகளையும் அப்படியே களத்தில் வரிசையாக நிறுத்தினேன். கேட்டதும் கொஞ்சமும் தயங்காமல் சொன்னேன்: "குடை, ஆடு, ஜன்னல், ராசாத்தி, செல்லையா."

அந்தப் பெண் பேனாவை வைத்துக்கொண்டு, "கடைசி ரெண்டும் இன்னொரு தரம் சொல்லுங்க சார்" என்றாள்.

"ராசாத்தி, செல்லையா. கிழக்குப் பக்கத்து லயத்து வீடு."

அவள் மூன்று என்று குறித்துக்கொண்டாள். ஐந்து பேர் வர வேண்டியது, ஐந்து பேரும் வந்திருக்கிறார்கள், எண்ணிக்கை சரி என்று நான் வாதாடினேன். உப்பும் பாலமும் எங்கே என்று அவள் கேட்டாள். அந்த இரண்டும் அன்று வேலைக்கு வரவில்லை என்பதுதான் என் உண்மையான அபிப்பிராயம். ஆனால் சொல்லவில்லை.

ஸ்கேன் அறையில் மேகலா இருந்தாள். நீலச் சட்டையில் அவளைப் பார்த்தால் நம் வீட்டுக்கு வரப்போகும் பெண் மாதிரியே இல்லை, எஸ்டேட் மானேஜர் மாதிரி இருந்தாள். "மாமா, உள்ள போனா டமடமன்னு சத்தம் வருமுங்க, பயந்துக்காதீங்க. அசஞ்சீங்கன்னா மறுபடியும் மொதல்ல இருந்துங்க" என்றாள். ஃபேக்டரியில் டீத்தூள் மெஷின் பக்கத்தில் நின்று தூங்கியிருக்கிறேன் என்று சொன்னேன். உன் அம்மா முதலில் போனாள். சங்கிலி, தோடு, ஜெபமாலை எல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டு, படுப்பதற்கு முன் மேகலாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏம்மா, உள்ள படுத்துக்கிட்டு என்ன நெனைக்கிறோம்னு இதுல தெரியுமா?"

"அதெல்லாம் தெரியாதுங்க அத்தை. மூளை எப்படி இருக்குன்னு மட்டும்தானுங்க."

"நெசமாவா?"

"சத்தியமாங்க."

"அப்பச் சரி" என்று படுத்துக்கொண்டாள்.

நான் இதைக் கேட்டுச் சிரித்தேன். பிறகு என் முறை. அரை மணி நேரத்துக்கு மேல் அந்தக் குழாய்க்குள் கிடந்தேன். வெளியே வந்ததும் மேகலா எனக்கு டீ வாங்கி வந்து கொடுத்தாள். வழக்கமாக ஏதாவது கிண்டல் செய்யும் பெண், அன்று டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா, படம் நல்லா வந்திருக்கா?" என்று கேட்டேன். "படம் எடுக்கறவங்க படத்தப் பத்திப் பேசக்கூடாதுங்க மாமா" என்றாள். அவளிடம் நீ அப்புறம் விசாரித்திருப்பாய். அவள் உன்னிடமும் சொல்லியிருக்க மாட்டாள். அந்த விஷயத்தில் அவளைக் கோபித்துக்கொள்ளாதே. ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தவர்கள் என்றால் உன் நிலைமை எப்படி இருக்கும் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

டாக்டர் ஒரு மலையாளி அம்மாள், உன் வயதைவிடப் பத்து வயது அதிகம் இருக்கும். பாலக்காட்டை ஒட்டிய சித்தூர்ப் பக்கத்து நோயாளிகளிடம் பேசிப் பேசித் தமிழ் கற்றுக்கொண்டவர். அடுத்த வாரம் வரச் சொன்னார், போனோம். இந்த முறை பஸ்ஸில். ஜீப் வேண்டாம், இடுப்பு வலிக்கிறது என்றாள் உன் அம்மா. கம்ப்யூட்டர் திரையில் இரண்டு மூளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். நடுவில் இரண்டு பக்கமும் கடற்குதிரை வடிவத்தில் ஒரு பகுதி இருக்கிறதாம், புது ஞாபகங்கள் முதலில் அங்கேதான் போய்ச் சேருமாம். நான் மலையில் பிறந்து வளர்ந்தவன், கடற்குதிரையை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் இரண்டு படத்துக்கும் வித்தியாசம் தெரிந்தது. இடது பக்கப் படத்தில் அந்த இடம் நிறைந்து இருந்தது. வலது பக்கப் படத்தில் அது மெலிந்து, அதைச் சுற்றிக் கறுப்பாக இடைவெளி விழுந்திருந்தது. டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. வலது பக்கப் படத்தைக் காட்டி, உன் அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்து, "கவலப்படாத. நான் இருக்கேம்லா" என்றேன்.

டாக்டர் மெதுவாக, "சாரே, அது ஆன்ட்டியோடது இல்ல. அது சாரோட படம்" என்றார்.

படம் மாறிவிட்டது என்றேன். பேரைக் காட்டினார்கள். பேரை மாற்றி ஒட்டியிருப்பார்கள் என்றேன். பிறந்த தேதியைக் காட்டினார்கள். அது என் பிறந்த தேதிதானா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். "பேடிக்கண்டா சார், பயப்பட வேண்டாம். படம் மாத்ரம் வச்சு இதுதான் நோய்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா டெஸ்டுலயும் கொஞ்சம் கொறவு இருக்கு. ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவ எடுப்போம். அதுவரைக்கும் வண்டி ஓட்ட வேண்டாம்" என்றார். உன் அம்மாவுக்கு இரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவாம், உடம்பு அசதியும் சில்லறை மறதியும் அதனால்தானாம், காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அவ்வளவுதான். ஒப்பீட்டுக்காகப் போனவன் நான். அவளை என்னோடு ஒப்பிட்டதில் அவள் நன்றாக இருக்கிறாள்.

பிறகு டாக்டர் ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஆன்ட்டி, சாரப் பத்தி எல்லாக் கேள்விக்கும் இல்லன்னு எழுதியிருக்கீங்க. ஒண்ணுகூட இல்லயா? நெஜமா?"

"இல்ல" என்றாள் உன் அம்மா.

"வழி தப்பறது?"

"இல்ல."

"அடுப்பு?"

உன் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அது நாந்தான் மறந்துட்டேன்" என்றாள். சொன்ன பிறகு, அந்த வார்த்தைக்கு இங்கே இனி வேலை இல்லை என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். ஒவ்வொன்றாகச் சொன்னாள். பால். கரண்ட் பில். பூப்பாறையில் ஜீப்புக்குப் பஞ்சரே இல்லை; வண்டியில் போனதை மறந்து நான் பஸ் ஏறி வந்துவிட்டேன், மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பி எடுத்து வரச் செய்திருக்கிறாள். ரிப்பனை யாரும் மாற்றி வைக்கவில்லை. பழனிமேல் அவளுக்கு எந்த ஆசையும் இல்லை. "கேட்டா இவருக்கு மூஞ்சி செத்துப்போகும் டாக்டரே. முப்பத்தஞ்சு வருசம் எரநூறு பேரு பேர மனசுல வச்சிருந்த மனுசன்" என்றாள். அந்தச் சமயத்தில் என் மூஞ்சி எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதற்குப் படம் எடுக்கவில்லை.

இப்போது உனக்கு ராசாத்தியையும் செல்லையாவையும் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கே ஞாபகம் இருக்கலாம். நீ பாலிடெக்னிக்கிலிருந்து லீவுக்கு வந்திருந்தாய், அன்று காலை மஸ்டர் களத்துக்கு என்னோடு வந்தாய். எஸ்டேட்டில் பெயர் கூப்பிட்டால் அவரவர்தான் குரல் கொடுக்க வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் குரல் கொடுப்பது பெரிய குற்றம். ஆனாலும் எல்லா எஸ்டேட்டிலும் நடப்பதுதான், புருஷனுக்காகப் பெண்டாட்டி, தங்கச்சிக்காக அக்கா. செல்லையா பெயரைக் கூப்பிட்டபோதெல்லாம் ராசாத்தி, "அந்தா பின்னால வாராருங்க சார்" என்று பல வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆள் வரவே இல்லை. அவன் கொழுந்தையும் அவளே கிள்ளிக்கொண்டிருந்தாள். அன்று நான் கண்டுபிடித்துவிட்டேன். எல்லார் முன்னாலும் இருவர் பெயரையும் அடித்துவிட்டு, பொய் எப்படி ஒரு மனிதனை அரிக்கிறது என்பதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். நன்றாகவும் பேசினேன். ராசாத்தி கூடையை எடுத்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பிப் போனாள். வீட்டுக்கு நடந்து வரும்போது நீ என்னிடம், "அவருக்கு என்னப்பா செஞ்சுது?" என்று கேட்டாய். நான் உனக்கும் உண்மையைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன். செல்லையாவுக்கு என்ன செய்தது என்று நான் அவளிடம் கேட்கவே இல்லை. இப்போது கேட்கலாம் என்றால் ராசாத்தி மகளோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். இத்தனை வருடம் நான் நினைத்தும் பார்க்காத அந்த இருவரும், உப்பும் பாலமும் நிற்க வேண்டிய இடத்தில் அன்று எப்படி வந்து நின்றார்கள் என்று மூளை டாக்டரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில், மறையூர் ஏறும்போது (அவள் சின்னாறு செக்போஸ்ட் என்கிறாள்) உன் அம்மா கேட்டாள். "நான் எழுதினதத்தான் அந்தம்மா படிச்சாங்க. நீங்க என்னப் பத்தி என்ன எழுதுனீங்க?"

எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று எழுதினேன் என்று சொன்னேன். பழனியையும் சொன்னேன்.

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

"ரெண்டு வருசமா என்ன இப்படித்தான் பாத்துக்கிட்டு இருந்தீகளா?" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூணாறு வரைக்கும் திரும்பவில்லை.

தம்பி, நான் குழம்பிப் போய்த்தான் இதை எழுதுகிறேன். அவள் எழுதியது முழுப்பொய், நான் எழுதியது, எனக்குத் தெரிந்தவரை, முழு உண்மை. என் மஸ்டர் சட்டப்படி அவள் பெயரைத்தான் அடிக்க வேண்டும். ஆனால் அவள் எழுதியதைப் படித்தால் ஒரு புருஷன் இருப்பது தெரிகிறது. நான் எழுதியதைப் படித்தால் ஒரு நோயாளி மட்டும்தான் இருக்கிறாள். இதற்காக அவளைப் புகழ்ந்து எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அதற்கும் வழியில்லை. இரண்டு வருடம் முன்பே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார், உன் அம்மா அதைக் கேட்டு அழுதாள். அப்படியானால் அவள் செய்தது சரியா, தப்பா? காலையில் ஒரு முடிவுக்கு வருகிறேன். மத்தியானம் வேறு முடிவு. இரண்டையும் ஒரே நாளில் அவளிடம் சொல்லிவிட்டு, ஏற்கனவே சொன்னதை மறந்துவிட்டேனோ என்று பயப்படுகிறேன். முன்பெல்லாம் எனக்கு இப்படி இரண்டு மனது இருந்தால் யோசிக்கிற ஆள் என்று சொல்வார்கள். இப்போது அது எந்தக் கணக்கில் போகும் என்று தெரியவில்லை.

உனக்கு ஒரு புத்திமதியாவது சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு மேகலா எதற்காவது, "நான்தானுங்க மறந்துட்டேன்" என்று அடிக்கடி சொன்னால், அவளைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் ஓடாதே. முதலில் உன் சாவி எங்கே இருக்கிறது என்று பார். அவள் சொல்வதை நம்பாதே என்று சொல்லவில்லை. நம்பு, ஆனால் விசாரி. செல்லையாவுக்கு என்ன செய்தது என்று அன்று கேட்டாயே, அந்த மாதிரிக் கேள். நான் பதில் சொல்லாவிட்டாலும் அது நல்ல கேள்விதான். இதற்கு மேல் எனக்குத் தெளிவாக எதுவும் தோன்றவில்லை.

இனி உன் திட்டம். போன சனிக்கிழமை அதைப் பற்றிப் பேசினோம். நீ போ, நான் எப்படியும் சமாளித்துக்கொள்வேன் என்று அவளிடம் சொன்னேன். தைரியமாகத்தான் சொன்னேன். அவள் சண்டை போடவில்லை. "காலையில நீங்க போட வேண்டிய மாத்திர எது?" என்று கேட்டாள். நான் அவளுடைய தைராய்டு மாத்திரையைச் சொன்னேன். "அது எனக்கு" என்றாள். அப்படியானால் இரண்டு பேருமே கஞ்சிக்கோட்டுக்குப் போகலாமே என்றேன். அதற்கும் அவள் யோசித்து வைத்திருந்தாள். "அங்க எல்லா ஃபேக்டரி மதிலும் ஒண்ணு போலத்தான் இருக்கும். நீங்க தெருமுன வரைக்கும் போனா திரும்பி வர மாட்டீக. இங்க எங்க போய் நின்னாலும் நாலு பேரு கையப் பிடிச்சுக் கூட்டியாந்து விட்டுருவாங்க. பய கல்யாணம் பண்ணிச் சந்தோசமா இருக்கட்டும், மாசத்துக்கொருக்கா வரட்டும்" என்றாள். உன்னிடம் கேட்காமல் எப்படி என்றேன். "அவங்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா, அம்மாவுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல, ஒளறுதான்னு நெனப்பான்" என்றாள். ஆகவே நான் சொல்கிறேன்: பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவன் நான். பார்த்துக்கொள்கிறவள் அவள். அது இப்படி ஆகி இரண்டு வருடமாகிறது. நமக்குத் தெரிந்து பதினெட்டு நாள். (பதினொரு நாள்தான் என்கிறாள் உன் அம்மா, பதினெட்டு நாள் முதல் தடவை போய் வந்ததிலிருந்தாம். அவள் சொல்வதாகவே வைத்துக்கொள்.)

திங்கட்கிழமை அவள் நீ வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரருக்குப் போன் செய்து, அந்த இன்னோர் அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். புதன்கிழமையிலிருந்து அதில் பக்கத்துக் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசாக்காரர்கள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள்.